வீட்டுத் தொழிலுக்கு எக்செல் கணக்கு: சில குறிப்புகள்

பொடி, ஊறுகாய், பலகாரம், தையல் என்று வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் பலரும் இப்போது எக்செல்லில்தான் கணக்கு வைக்கிறார்கள். ஷீட்டை முதலிலேயே சரியாக அமைத்துவிட்டால் ஆடிட்டர் கேட்கும்போது திண்டாட வேண்டாம்.

1. ஒரு பொருளின் விற்பனைக்கு ஒரு வரிசை. ஒரே பில்லில் மூன்று பொருள் வாங்கினால் மூன்று வரிசை. பில் எண் மட்டும் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். முதல் வரிசையில் தேதி, பில் எண், வாடிக்கையாளர், பொருள், அளவு, விலை, தொகை, பணம் வந்த தேதி என்று தலைப்பு கொடுங்கள். அழகுக்காகக் கட்டங்களை மெர்ஜ் செய்யாதீர்கள். பிறகு வரிசைப்படுத்தவே விடாது.

2. மாதத்துக்கு ஒரு ஷீட் வேண்டாம். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள் இருக்கின்றன. ஏப்ரல் முதல் மார்ச் வரை தாராளமாக அடங்கும். மாத மொத்தத்தை இன்னொரு ஷீட்டில் பிவட் டேபிள் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

3. அளவுக் கட்டத்தில் 2 என்று மட்டும் எழுதவும். ‘2 கிலோ’ என்று அடித்தால் அது எழுத்தாகிவிடும். சம் ஃபார்முலா சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டுக் கூட்டும். கிலோ, பாக்கெட் போன்றவற்றுக்குத் தனி நெடுவரிசை வையுங்கள்.

4. ‘இட்லிப் பொடி’, ‘இட்லி பொடி’, ‘இட்லிபொடி’ மூன்றும் எக்செல்லுக்கு மூன்று பொருள்கள். கடைசியில் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்தால் நான்காவது! பொருள் பட்டியலைத் தனி ஷீட்டில் எழுதி, டேட்டா வாலிடேஷன் மூலம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துவிடுங்கள். எல்லாக் குறிப்புகளிலும் அதிகப் பலன் தருவது இதுதான்.

5. விலையை விலைப்பட்டியலிலிருந்து ஃபார்முலாவில் இழுப்பவர்கள் கவனிக்கவும். பட்டியலில் விலையை உயர்த்தினால், போன மாதம் பழைய விலைக்கு விற்றதும் புது விலைக்கு மாறிவிடும். விற்ற அன்றைய விலையை அந்த வரிசையிலேயே எண்ணாக எழுதுவது நல்லது.

6. மிளகின் எச்.எஸ்.என் குறியீடு 0904. அப்படியே அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 904 என்று நிற்கும். வங்கிக் கணக்கு எண் 16 இலக்கமாக இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். அந்த நெடுவரிசைகளை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு எழுதவும்.

7. கம்ப்யூட்டரில் அமெரிக்க முறை இருந்தால் 03/04 மார்ச் 4 ஆகிவிடும். விண்டோஸ் ரீஜன் அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். இன்றைய தேதிக்குக் கண்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் போதும்.

8. பணம் தராதவர்களுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தால் கண்ணுக்குத் தெரியும், ஃபார்முலாவுக்குத் தெரியாது. ‘பணம் வந்த தேதி’ காலியாக உள்ளவற்றை ஃபில்டர் செய்தால் பாக்கிப் பட்டியல் தயார்.

9. நடுவில் காலி வரிசை விடாதீர்கள்.

10. வாரம் ஒருமுறை ஃபைலின் நகலைப் பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ போட்டுவையுங்கள்.

பழைய கணக்கையெல்லாம் திருத்தி எழுத உட்கார வேண்டாம். வரும் 1-ம் தேதியிலிருந்து புது ஷீட்டில் ஆரம்பியுங்கள்.