தத்துவ ஆய்வை அவையில் வைப்பது: இளங்கலை மாணவர்களுக்கான வழிமுறை

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இளங்கலை மாணவர்களே கட்டுரை வாசிக்கும் தத்துவக் கருத்தரங்குகள் வழக்கமாகிவிட்டன. ஒருவருக்குப் பெரும்பாலும் 20 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேள்வி பதில். சில அரங்குகளில் இடையே இன்னொரு மாணவர் சுருக்கமாகக் கருத்துரை சொல்வார். பெரும்பாலான தத்துவக் கட்டுரைகளில் ஆய்வகத் தரவோ கள ஆய்வுப் புள்ளிவிவரமோ இருப்பதில்லை. புதிது என்று முன்வைக்க மாணவரிடம் ஒரு வாதம் மட்டுமே உண்டு. அது எந்த இடத்தில் உடையக்கூடும் என்பது கேட்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி வைப்பதே நல்ல வாசிப்பு.

முதல் வேலை, கூற்றைச் சிறிதாக்குவது. புதியது என்றால் பெரியதாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ‘சுதந்திர விருப்பம் உண்டா?’ என்று தொடங்கும் கட்டுரை 20 நிமிடத்தில் எங்கும் போய்ச் சேராது. எட்மண்ட் கெட்டியர் 1963இல் ‘அனாலிசிஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை மூன்றே பக்கம். தக்க காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கையே அறிவு என்ற வரையறைக்கு அதில் இரண்டு எதிர் உதாரணங்கள் உள்ளன. அறிவு என்றால் வேறு என்ன என்று அவர் சொல்ல முயலவே இல்லை. ஆனாலும் அறிவாராய்ச்சியியலின் போக்கையே அந்தக் கட்டுரை மாற்றியது.

பீட்டர் சிங்கரின் 1972ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். கிழக்கு வங்க அகதிகளின் துயரை முன்வைத்து எழுதப்பட்ட அதில், ஆழமில்லாத குளத்தில் மூழ்கும் குழந்தையின் உதாரணம் வருகிறது. உடை சேறாகும் என்பதற்காக அதைக் காப்பாற்றாமல் போவது தவறென்றால், தொலைவில் பசியால் சாகிறவர்களுக்கு உதவாமல் இருப்பதும் தவறு என்பது சிங்கரின் வாதம். ‘சிங்கர் சொல்வது தவறு’ என்பது இளங்கலைக் கட்டுரைக்குத் தாங்காத கூற்று. ‘குளத்து உதாரணம் ஒருமுறை செய்யும் உதவியைப் பற்றியது, தொடர்ந்து செய்ய வேண்டிய உதவிக்கு அது மட்டும் ஆதாரமாகாது’ என்பது தாங்கும்.

எதிராளியின் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும் வடிவத்தில் முதலில் சொல்லியாக வேண்டும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பிற மதத்தவரின் கொள்கையை முதலில் முழுதாக நிறுத்திக்காட்டி, அதன் பிறகே மறுப்புக்குப் போகிறார். அந்த ஒழுங்கு எந்த நாட்டுத் தத்துவ அரங்குக்கும் பொருந்தும். உதாரணமாக, மற்றவர்களும் உதவக்கூடும் என்பதால் என் கடமை குறையாது என்று சிங்கர் தம் கட்டுரையிலேயே பதில் சொல்லியிருக்கிறார். அதைப் படிக்காமல் அதே மறுப்பைக் கொண்டுவருபவர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார்.

அடுத்தது சுருக்குதல். இரட்டை இடைவெளியில் தட்டச்சு செய்த ஆங்கிலப் பக்கம் ஒன்றை வாசிக்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். ஆக, பத்துப் பக்கமே எல்லை. வரலாற்று முன்னுரையும் ‘இன்னாரும் இவ்வாறு கூறுகிறார்’ வகை மேற்கோள்களும்தான் முதலில் வெட்டுப்பட வேண்டியவை. வேகமாக வாசித்து நேரத்துக்குள் அடைப்பது கூடவே கூடாது. முழு உரையும் கையில் இருக்கட்டும். தொடக்கமும் முடிவும் மட்டும் தாளைப் பாராமல் பேசப்பட வேண்டும்.

வாதத்தின் எடுகூற்றுகளை, அதாவது முடிவுக்கு அடிப்படையாக வைக்கும் கூற்றுகளை, எண்ணிட்டு ஒரே தாளில் அச்சிட்டு அவையினர் அனைவருக்கும் கொடுப்பது நல்லது. பவர்பாயின்ட் இதற்கு ஈடாகாது. மூன்றாம் ஸ்லைடு வரும்போது முதல் ஸ்லைடில் இருந்த எடுகூற்று மறைந்துவிடும். தாள் கையில் இருந்தால், ‘இரண்டாம் எடுகூற்றில் எனக்குச் சந்தேகம்’ என்று கேட்பவரே இடத்தைச் சுட்டிவிடுவார்.

பெரும்பாலோர் தடுமாறுவது கேள்வி நேரத்தில்தான். கேள்வி எழுந்ததும் பதிலுக்குத் தாவாமல் அதை ஒரு வரியில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, ‘நீங்கள் கேட்பது இதுதானே?’ என்று சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். இதனால் தவறான கேள்விக்குப் பதில் சொல்லும் ஆபத்து நீங்கும்; யோசிக்க அவகாசமும் கிடைக்கும். அதன் பிறகு, அந்தக் கேள்வி எந்த எடுகூற்றின் மேல் விழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான் பல பதில்கள் பேசியதையே திரும்பப் பேசுவதாக முடிகின்றன.

குளத்து உதாரணம் பற்றிய கட்டுரைக்கு ஒருவர் இப்படிக் கேட்கலாம்: ‘வேலைக்குப் போகும் வழியில் தினமும் ஒரு குழந்தை குளத்தில் விழுகிறது. நூறாம் நாள் பார்த்தும் பாராமல் போய்விடலாமா?’ ‘அது வேறு நிலைமை’ என்று தட்டிக்கழிப்பது பதிலாகாது. நூறாம் நாள் கடமை மாறிவிடுகிறது என்று வாதிடலாம். ஆனால் ஏன் மாறுகிறது என்று காரணம் காட்ட வேண்டும், அது கடினம். இன்னொரு வழி, நூறாம் நாளும் காப்பாற்றத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொள்வது. அப்போதும் கட்டுரை விழுந்துவிடாது. கேட்டவர் புதிதாக ஓர் உதாரணத்தைச் சேர்க்க நேர்ந்ததே, பழைய உதாரணம் மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது. தொடர் உதவிக்கான கடமை பொய் என்று கட்டுரை சொல்லவில்லை; அதற்குத் தனி ஆதாரம் வேண்டும் என்றுதான் சொன்னது. இரண்டு வழியும் அடைபட்டால், ‘இதற்கு இப்போது என்னிடம் பதில் இல்லை, இரண்டாம் எடுகூற்றை இது பாதிக்கிறது’ என்று சொல்லிவிடலாம். மறுப்பு எங்கே தைக்கிறது என்று சரியாகச் சொல்வதும் ஆய்வுதான். அதற்காக எந்தத் தேர்ந்த அவையும் மாணவரைக் குறைவாக மதிப்பதில்லை.

பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பல அரங்குகளில் புதிய கேள்விக்குக் கையும், நடந்துகொண்டிருக்கும் கேள்வியின் தொடர்ச்சிக்கு ஒரு விரலும் உயர்த்துவது வழக்கம். அடுத்து யார் பேசுவது என்பது அமர்வுத் தலைவரின் பொறுப்பு.

கேட்பவருக்கும் கடமை உண்டு. தத்துவ விவாதங்களுக்காகத் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் தொகுத்த நெறிகள் பல துறைகளில் பின்பற்றப்படுகின்றன. இடைமறிக்காதிருப்பது, மறுப்பைத் தீர்ப்பாக வீசாமல் பதிலுக்கு இடம் விட்டுச் சொல்வது, விவாதத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாதிருப்பது ஆகியவை அவற்றில் அடங்கும். கேள்வி எளிமையானது என்று கூசி அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ‘முதல் எடுகூற்றில் கடமை என்பது எந்தப் பொருளில் வருகிறது?’ என்ற எளிய கேள்வி ஒரு கட்டுரையின் மையத்தையே தொடக்கூடும்.

அமர்வு முடிந்த அன்றே கேள்விகளை எழுதிவைத்துக் கட்டுரையைத் திருத்த வேண்டும். பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்ஸ்’ போல இளங்கலை மாணவர்களின் தத்துவக் கட்டுரைகளுக்கென்றே இதழ்கள் உள்ளன. கட்டுரை ஏற்கப்பட்டு அச்சாகும்போது, வாதத்தை மாற்றவைத்த கேள்வியைக் கேட்டவருக்கு அந்த இடத்திலேயே அடிக்குறிப்பில் பெயர் சொல்லி நன்றி தெரிவிப்பது தத்துவத் துறையின் மரபு. அதைத் தவறவிடக் கூடாது.