தானிப் பனை

உப்பங்கழி ஓரத்தில் தானி ஓலை வெட்டியிருப்பீர்கள். கூரை வேய்ந்திருப்பீர்கள். அதே தானி இனிப்பும் தரும்.

தானியும் ஒரு பனைதான். ஆனால் ஏறுவதற்கு மரம் இல்லை! தண்டு சேற்றுக்குள் படுத்துக் கிடக்கும். ஓலை மட்டும் மேலே நிற்கும். காய்க்குலை கைக்கு எட்டும் உயரத்தில் வரும். குலையை வெட்டி, காம்பைத் தினமும் மெல்லச் சீவ வேண்டும். சாறு சொட்டும். நம் ஊர்ப் பதநீர் போல இனிக்கும். வைத்திருந்தால் புளித்துக் கள்ளாகிவிடும்.

கடலுக்கு அப்பால் மலேசியாவில் சரவாக் என்ற பகுதி உள்ளது. அங்கே இந்தச் சாற்றைக் காய்ச்சி வெல்லம் செய்கிறார்கள். அதன் பெயர் குலா அப்போங். இதற்காகத் தானியை அழிப்பதில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிடலாமா? இயற்கை இனிப்புத்தானே என்று சிலர் கேட்பார்கள். கருப்பட்டியைப் போல இதிலும் இருப்பது சர்க்கரைதான். இரத்தத்தில் சர்க்கரை ஏறும்.