முன்ஷி அப்துல்லாவின் குடும்ப வழி: நமக்கொரு பாடம்

ஒருவரிடம் அவருடைய பாட்டனாரின் பெயரைக் கேட்டால் உடனே சொல்லுவார். பாட்டனாரின் தகப்பனார் பெயரைக் கேட்டால் சற்றே யோசிப்பார். அந்தப் பாட்டனாரைப் பெற்றெடுத்த தாயாரின் பெயரைக் கேட்டாலோ வாய் திறக்கமாட்டார். நம்மவர் இல்லங்கள் பலவற்றின் நிலை இதுவே. கடல் கடந்து வந்து, கடை வைத்து, பள்ளி கட்டி, மக்களைப் பெற்று மண்ணில் அடங்கிய முன்னோர்களை இரண்டே தலைமுறையில் நாம் மறந்துவிடுகிறோம்.

வமிச வழியை எவ்வாறு தேடுவது, எவ்வாறு எழுதிவைப்பது என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு இப்பாடத்தில் விளக்க முற்படுகிறோம். உதாரணத்திற்கு நாம் எடுத்துக்கொள்வது மலாக்கா முன்ஷி அப்துல்லாவின் குடும்பம். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் அவர். 1849ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அச்சான ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்னும் தமது வரலாற்று நூலின் தொடக்கத்திலேயே தம் முன்னோர் வழியை அவர் எழுதி வைத்தார். அக்காலத்தில் வேறெந்தக் குடும்பத்தையும்விட இக்குடும்பத்தின் வேர்களை நாம் தெளிவாகக் காண முடிவது அதனாலேயாகும்.

தந்தை வழி

அப்துல்லா தரும் செய்தியைச் சுருக்கிச் சொல்லுவோம். எமன் நாட்டைச் சேர்ந்த ஷெய்கு அப்துல் காதிர் என்னும் அரபு அறிஞர் நாகூருக்கு வந்து, மார்க்கக் கல்வி கற்பித்து, அங்கேயே மணம் செய்துகொண்டார். அவருடைய மக்களில் ஒருவரான முஹம்மது இப்ராஹீம் மலாக்காவுக்கு வந்து, ஷெய்கு மீரா லெப்பை என்பாரின் மகளை மணந்தார். இவர்களுக்குப் பிறந்தவர் அப்துல் காதிர். அப்துல் காதிரின் மகனே முன்ஷி அப்துல்லா. பிறந்த இடம் மலாக்காவின் கம்போங் பாலி. பிறந்த ஆண்டு 1796 என்றும் 1797 என்றும் கூறுவர். அப்துல்லாவின் மகன் முஹம்மது இப்ராஹீம் 1840இல் பிறந்து, ஜொகூர் சுல்தான் அபூபக்கரின் அரசாங்கத்தில் உயர்ந்து, டத்தோ பெந்தாரா டாலாம் என்னும் பட்டம் பெற்று, 1904இல் மறைந்தார்.

ஐந்து தலைமுறைப் பெயர்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: அப்துல் காதிர், முஹம்மது இப்ராஹீம், அப்துல் காதிர், அப்துல்லா, முஹம்மது இப்ராஹீம். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கம் இங்கே துலங்குகிறது. பெயரை உடையவன் என்பதால் அன்றோ ‘பெயரன்’ என்றும், மருவிப் ‘பேரன்’ என்றும் தமிழில் வழங்குகிறோம்! முன்ஷியின் தந்தையாருக்கு அவருடைய பாட்டனாரின் பெயர் கிடைத்தது. முன்ஷியின் மகனுக்கோ, முன்ஷியின் பாட்டனாருடைய பெயர் அமைந்தது.

இடையில் ‘அப்துல்லா’ என்ற பெயர் எவ்வாறு நுழைந்தது? அதற்கும் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. அவருக்கு முன் பிறந்த நால்வர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். துயரத்தில் ஆழ்ந்திருந்த தாயாரிடம் ஹத்தாது குடும்பத்து அரபுப் பெரியார் ஒருவர், பிறக்கும் ஆண் குழந்தைக்குத் தம் பெயரை இடுமாறு கூறினாராம். ஒரு பெயர் வழக்கத்தை மீறி வருமாயின் அதன் பின்னே ஒரு கதை இருக்கும் என்பது இங்கு நாம் கற்கும் முதற் செய்தி.

இதில் எச்சரிக்கையும் உண்டு. பாட்டனார் பெயரே பேரனுக்கும் வருவதால், பழைய பத்திரம் ஒன்றில் ‘அப்துல் காதிர்’ என்று கண்டவுடன் இன்னார்தாம் என்று முடிவு கட்டிவிடலாகாது. ஆண்டையும், ஊரையும், தகப்பனார் பெயரையும் சேர்த்துப் பார்த்த பின்னரே யார் என்று துணிதல் வேண்டும்.

பெயருக்குள் இருக்கும் தமிழ்

அப்துல்லா மலாய் மொழியில் ஜாவி எழுத்தில் எழுதினார். பிறகு அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். தமிழ்ப் பெயர் ஒன்று ஜாவி எழுத்துக்குள் புகும்போது உயிரொலிகள் பல மறைந்துபோகும். ஆங்கில எழுத்தில் வரும்போது இன்னும் உருமாறும். அவருடைய பாட்டியாரின் பெயர் மலாய் நூல்களில் ‘பெரி ஆச்சி’ என்று காணப்படுகிறது. அதைக் கேட்கும் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. அது ‘பெரியாச்சி’யே என்று நாம் கருதுகிறோம். அந்த அம்மையாரின் தந்தையார் ‘மீரா லெபாய்’ யார்? நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக நம்மவர் இட்டு வழங்கும் ‘மீரா’வும் ‘மீரா’னும், ஓதிக்கொடுக்கும் குடும்பங்களுக்குரிய ‘லெப்பை’யும் அங்கே இருக்கின்றன.

‘மரைக்காயர்’ என்னும் சொல் பினாங்கில் ‘மெரிக்கன்’ என்று ஆனதையும் இங்கே நினைவுகூரலாம். 1801இல் பினாங்கில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலோடு இணைந்த காதிர் முஹியித்தீன் மெரிக்கன் அவர்களின் பெயரில் இதனைக் காண்கிறோம். எழுத்து மாறியதால் குடும்பம் மாறிவிடாது. ஆகவே, பழைய ஆவணத்தில் ஒரு பெயரைக் கண்டால் அதைக் கண்ணால் மட்டும் படித்தல் போதாது. வாய்விட்டுச் சொல்லிக் காதாலும் கேட்கவேண்டும். தமிழறிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால்தான் இந்தச் சாவி கிடைக்கும்.

தாய் வழி

இனி நாம் முக்கியமாகக் கவனிக்கற்பாலது பெண்கள் வழி. அப்துல்லா தம் பாட்டியாரைப் பற்றிப் பெருமையோடு எழுதுகிறார். கம்போங் பாலியில் அவர் தலைமை ஆசிரியையாக விளங்கினார். ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 200 பிள்ளைகள் அவரிடம் குர்ஆனும் எழுத்தும் கற்றனர். பதினெட்டாம் நூற்றாண்டு மலாக்காவில் பெயர் பெற்ற ஆசிரியை ஒருவர் நம் குலத்தில் இருந்தார் என்பதை அந்தப் பேரன் எழுதியிராவிட்டால் நாம் எவ்வாறு அறிந்திருப்போம்?

தாயார் ஸலாமாவின் வழியையும் அவர் மறைக்கவில்லை. தாயாரின் முன்னோர் இந்தியர் என்றும், கெடாவில் இஸ்லாத்தைத் தழுவிப் பின் மலாக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்றும் வெளிப்படையாகச் சொல்லுகிறார். தந்தையார் தம் தாயாரை மணப்பதற்கு முன் வேறொரு மணம் செய்திருந்ததையும் எழுதுகிறார். குழந்தையிலேயே மறைந்த தம் மகள் ஸீத்தி லேலாவையும் அவர் பேனா மறக்கவில்லை.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். எந்த மனிதருக்கும் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்களைப் பெற்றவர்கள் எண்மர். அப்துல்லாவின் அந்த எண்மரில் அரபு நாட்டார் என்று குறிக்கப்படுபவர் ஷெய்கு அப்துல் காதிர் ஒருவரே. அவரை மணந்த நாகூர்ப் பெண்மணி இருக்கிறார். மீரா லெப்பையும் அவர் மனைவியாரும் இருக்கிறார்கள். கெடாவிலிருந்து வந்த தாய் வழியினர் இருக்கிறார்கள். ஆயினும் ‘அப்துல்லா அரபு வமிசத்தவர்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும் நூல்கள் உண்டு. கௌரவமான ஒரு கிளையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற ஏழு கிளைகளையும் வெட்டிவிடுவது வமிச வரலாறு ஆகாது. நாகூரில் வாழ்ந்த அந்த மூதாட்டியின் பெயர் எழுதப்படாமற் போயிற்று. பெரியாச்சியின் பெயரோ எழுதப்பட்டதால் இன்றும் வாழ்கிறது. எழுதப்பட்டதற்கும் எழுதப்படாததற்கும் உள்ள வேற்றுமை இவ்வளவுதான்.

ஊரும் காலமும்

குடும்பக் கதையை ஊர்க் கதையோடு ஒட்டிப் பார்க்கவேண்டும். மலாக்கா 1641இல் டச்சுக்காரர் வசமாயிற்று. நாகூருக்கு அடுத்த நாகப்பட்டினம் 1658இல் அவர்கள் கைக்கு வந்து 1781வரை இருந்தது. ஆக, இரு துறைமுகங்களும் நெடுங்காலம் ஒரே கொடியின் கீழ் இருந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றிய கப்பல்கள் மலாக்காவுக்கு வந்தன. வணிகரோடு ஓதிக்கொடுப்போரும் வந்தனர்.

தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினால், 1796இல் பிறந்தவரின் பாட்டனார் சுமார் 1736இலும், பாட்டனாரின் தகப்பனார் சுமார் 1706இலும் பிறந்திருக்கலாம். இது மதிப்பீடுதான். ஆனால் மலாக்காவில் நம்மவர் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், முஹம்மது இப்ராஹீம் வந்து இறங்கிய மலாக்காவில் நம் சமூகம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது புலனாகும். மலாக்காவில் வசதியுள்ளோரின் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், அதன்படி தம் தந்தையார் தம்மையும் தமிழ் படிக்க அனுப்பினார் என்றும் அப்துல்லா எழுதுகிறார். வணிகக் கணக்குக்கு அம்மொழி தேவைப்பட்டது. அந்தப் படிப்பின் பயனாக 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார்.

சொன்னதையும் சோதித்தல்

பெரியவர் சொன்னார் என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிடலாமா? ஓர் உதாரணம் காட்டுவோம். மலாய் அகராதி எழுதிய மார்ஸ்டன் என்னும் ஆங்கிலேயருக்குத் தம் தந்தையார் மலாய் கற்பித்தார் என்றும், அவர் தந்த நற்சான்றிதழைத் தாம் கண்டெடுத்ததாகவும் அப்துல்லா கூறுகிறார். மார்ஸ்டனோ 1771 முதல் 1779 வரை சுமத்திராவின் பென்கூலனில் பணியாற்றியவர். அப்போது மலாக்கா டச்சு ஆட்சியில் இருந்தது. இத்தகைய இடத்தில் ‘இது உண்மை’ என்றும் எழுதவேண்டாம், ‘இது பொய்’ என்றும் எழுதவேண்டாம். ‘அப்துல்லா இவ்வாறு கூறியுள்ளார்’ என்று எழுதி, அருகில் ஆண்டுகளையும் குறித்துவைத்தல் நேர்மை. பின்னால் வருபவர் ஆராய்ந்து கொள்வார்.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் தேவை. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாட்களைக் கொண்டது; ஹிஜ்ரி 33 ஆண்டுகள் ஆங்கிலக் கணக்கில் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. பழைய கணக்கேடுகளில் காணும் பிரபவ, விபவ போன்ற தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். இவற்றை மறந்தால் தகப்பனும் மகனும் ஒரே காலத்தில் பிறந்தவர்களாகிவிடுவார்கள்!

நாம் செய்யவேண்டியது

அப்துல்லா 1854இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அவருடைய பயணக் குறிப்பு ஜித்தாவோடு நின்றுவிடுகிறது. அவ்வாண்டிலேயே அரபு மண்ணில் அவர் மறைந்தார். தம் வழியை முன்னரே எழுதிவைத்திராவிடின் பெரியாச்சியும், மீரா லெப்பையும், நாகூரும் அவரோடு மறைந்திருக்கும். ஜொகூரில் பட்டம் பெற்ற மகனின் பெயரை மட்டும் பார்ப்பவர்க்கு நாகூரின் நினைவு எங்கிருந்து வரும்?

ஆதலால், வாசக அன்பர்கள் இன்றே ஒரு குறிப்பேட்டைத் திறக்கும்படி வேண்டுகிறோம். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம், குறிப்பாகப் பாட்டிமாரிடம், உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வொருவர்க்கும் பெயர், தகப்பனார் பெயர், தாயார் பெயர், பிறந்த ஊர், வந்து இறங்கிய ஆண்டு, செய்த தொழில், அடக்கமான இடம் ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டில் வழங்கிய செல்லப் பெயரையும் விடாதீர்கள். குழந்தையிலேயே இறந்தவர்களையும், முதல் மணத்து மக்களையும், இஸ்லாத்தைத் தழுவி வந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எவர் சொன்னார், எந்நாளில் சொன்னார் என்பதையும் குறியுங்கள்.

பிறகு தாள்களைத் தேடுங்கள். கிரயப் பத்திரம், உயில், வக்பு சாசனம், ஊரிலிருந்து வந்த கடிதம், கடைக் கணக்கு, பழைய கடவுச் சீட்டு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் முஸ்லிம் திருமணப் பதிவுக்கு 1880இல் சட்டம் வந்தது; வக்புச் சொத்துக்களைக் கவனிக்கும் வாரியங்களுக்கு 1905இல் சட்டம் வந்தது. ஆதலின், அவற்றிற்குப் பின் எழுந்த பதிவேடுகளையும் விசாரியுங்கள். மீஸான் கல்லில் எழுத்து இருந்தால் மழையும் வெயிலும் அழிக்குமுன் படியெடுத்துக் கொள்ளுங்கள். மையவாடிகள் இடம் மாற்றப்படும் காலமிது. கல் போனால் சொல்லும் போய்விடும்.

குலப்பெருமை பேசுவதற்காக நாம் இதைக் கூறவில்லை. மனிதரின் மேன்மை இறையச்சத்தாலேயன்றிப் பிறப்பால் அன்று என்பது நம் மார்க்கம். ஆனால் உறவை அறிந்தால்தான் உறவைப் பேண முடியும். வாரிசுரிமையை முறையாகப் பங்கிட முடியும். முன்னோர்க்காகப் பெயர் சொல்லி துஆச் செய்யவும் முடியும். இன்று நாம் எழுதும் ஒரு பக்கம், நூறாண்டு கழித்து நம் வீட்டுப் பெரியாச்சியை அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவைக்கும். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக.