தலைச்சுற்றலின் காரணத்தை ரத்தம் சொல்லுமா?

திடீரெனத் தலை சுற்றி, வாந்தியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "ரத்தத்தைப் பரிசோதித்து, காதுக் கோளாறா, மூளைக் கோளாறா என்று சொல்லிவிட முடியாதா டாக்டர்?"

கேள்வி நியாயமானதே. இதயத்தசை சேதமுற்றால் ட்ரோபோனின் என்னும் புரதம் ரத்தத்தில் உயர்கிறது; மாரடைப்பை அறிய அது பெரிதும் உதவுகிறது. அதுபோல, மூளைத் திசு சிதையும்போது எஸ்100பி, என்.எஸ்.இ. முதலிய புரதங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இவற்றைக் கொண்டு, தலைச்சுற்றலாக வெளிப்படும் பக்கவாதத்தை இனங்காண ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர்.

இடர்கள் பல. சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ மிகச் சிறிய இடமே பாதிக்கப்பட்டிருப்பின், கசியும் புரதமும் சொற்பமே. எஸ்100பி கொழுப்புத் திசுவிலும் உண்டு. என்.எஸ்.இ. சிவப்பணுக்களிலும் இருப்பதால், ரத்தம் எடுக்கையில் அவை உடைந்தாலே அளவு கூடிவிடும். எனவே, காதா மூளையா என்று தனித்துத் தீர்ப்பளிக்கும் ரத்தப் பரிசோதனை இன்று நடைமுறையில் இல்லை.

பின் ஏன் ரத்தம் எடுக்கிறோம்? சர்க்கரைக் குறைவு, ரத்தசோகை, சோடியம் குறைவு போன்றவற்றை அறிய. அறிக்கை நார்மல் என்றால் இவை இல்லை என்றே பொருள். பக்கவாதம் இல்லை என்று பொருளன்று. தொடக்கத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேனும் சிறுமூளைப் பக்கவாதத்தைத் தவறவிடக்கூடும். எம்.ஆர்.ஐ.கூட முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு அதைக் காட்டுவதில்லை.

அதனால்தான், சுற்றல் இடைவிடாது நீடிப்பவர்களின் கண்களை ஆராய்கிறோம். தலையைச் சட்டெனத் திருப்பும்போது பார்வை இலக்கில் நிலைக்கிறதா, விழித்துடிப்பு திசை மாறுகிறதா, கண்களை மாறி மாறி மறைக்கையில் விழி மேலும் கீழுமாக நகர்கிறதா என்று காண்கிறோம். விந்தை என்னவெனில், முதல் சோதனையில் பார்வை பிசகாமல் நிற்பதே எங்களுக்குக் கவலை தருவது. பிசகினால் பெரும்பாலும் உட்செவியோ அதன் நரம்போ காரணமாகும். 2009இல் 101 நோயாளிகளைக் கொண்டு வெளியான ஆய்வொன்றில், பயிற்சி பெற்றவர் செய்த இம்மூன்று சோதனைகளும் முதல் எம்.ஆர்.ஐ. தவறவிட்ட பக்கவாதங்களையும் கண்டறிந்தன.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்க மரத்தல், துணையின்றி நிற்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருப்பினும், ரத்த அறிக்கைக்காக ஆய்வகத்தில் காத்திராதீர்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். வரும்போது சுற்றல் தொடங்கிய நேரத்தைக் குறித்து வாருங்கள். உறங்கி எழும்போதே சுற்றியிருந்தால், நோயாளி இறுதியாக நலமாயிருந்த நேரத்தைச் சொல்லுங்கள்.