நடுத்தகடுகளின் கணக்கு

மின்தேக்கிக் கணக்குகளில் தொகுபயன் மின்தேக்குதிறனை மாணவர் பலரும் சரியாகக் கண்டுவிடுவர். ‘ஒவ்வொன்றிலும் மின்னூட்டம் எவ்வளவு, எத்தனை வோல்ட்?’ என்று அடுத்துக் கேட்டால்தான் திகைப்பர். சூத்திரத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டுச் சுற்றைப் பார்ப்போம்.

1 மைக்ரோஃபாரட், 2 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் பக்க இணைப்பில் உள்ளன. அவற்றுடன் 6 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று தொடரிணைப்பில் உள்ளது. எதிலும் மின்னூட்டம் இல்லாத நிலையில், இவ்வமைப்பை 12 வோல்ட் மின்கல அடுக்குடன் இணைக்கிறோம். 6 மைக்ரோஃபாரடின் வெளித்தகடு நேர்முனையில் இருக்கட்டும்.

பக்க இணைப்பின் மதிப்பு 3 மைக்ரோஃபாரட். 3-உம் 6-உம் தொடரில் சேர்ந்தால் 18/9, அதாவது 2 மைக்ரோஃபாரட். ஆகவே, மின்கல அடுக்கு தரும் மின்னூட்டம் 2 × 12 = 24 மைக்ரோகூலும்.

இனி நடுவே பாருங்கள். 6 மைக்ரோஃபாரடின் உள்தகடும், மற்ற இரண்டின் உள்தகடுகளும் கம்பியால் இணைந்துள்ளன. ஆனால் இருபுறமும் மின்காப்புப் பொருள்! இது ஒரு தீவு. வெளியிலிருந்து மின்னூட்டம் வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை. தொடக்கத்தில் சுழி எனில் இறுதியிலும் கூடுதல் சுழியே. எனவே ஒருபுறம் −24 என்றால் மறுபுறம் +24 இருந்தே தீரவேண்டும். தொடரிணைப்பில் மின்னூட்டம் சமம் என்னும் விதி இவ்வாறு பிறப்பதுதான். முன்பே மின்னூட்டம் பெற்ற மின்தேக்கியைக் கொண்டுவந்து இணைத்தால் இவ்விதி செல்லாது. தீவில் முதலில் இருந்த மின்னூட்டத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

6 மைக்ரோஃபாரடில் 24/6 = 4 வோல்ட். எஞ்சிய 8 வோல்ட் பக்க இணைப்புக்கு. அதில் 8, 16 மைக்ரோகூலும், கூட்டினால் 24. சரிதானே?

சிறிய மின்தேக்கிப் பகுதிக்கே பெரிய வோல்ட் போனதைக் கவனித்தீர்களா? இங்கேதான் ஆபத்து. தலைக்கு 100 வோல்ட் தாங்கக்கூடிய 3, 6 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளைத் தொடரிணைத்து, ‘200 வோல்ட் தாங்கும்’ என்று நம்பி 180 வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும்? 3 மைக்ரோஃபாரடின் மேல் 120 வோல்ட் விழும். அதன் காப்பு உடையும். பிறகு 180 வோல்ட்டும் மற்றதன் மேல்; அதுவும் தப்பாது. இவ்விணைப்பு தாங்குவது 150 வோல்ட்தான்.

உண்மையான மின்தேக்கிகளில் சிறிது மின்கசிவும் உண்டு. நீண்ட நேரம் இணைத்து வைத்தால் பங்கீடு அந்தக் கசிவைப் பொறுத்து மாறிவிடும். இதற்காகவே ஒவ்வொன்றின் குறுக்கேயும் பெரிய மின்தடை ஒன்றை இணைப்பது வழக்கம்.

தலைக்கு 100 வோல்ட் தாங்கும் 1, 2, 6 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் மூன்றையும் தொடரிணைத்தால் எவ்வளவு தாங்கும்? 300 அன்று. நீங்களே கண்டுபிடியுங்கள், விடை 167-க்குச் சற்றுக் குறைவாக வரும்.