பிள்ளைக்கு ஏற்ற பாடம்



"இதுக்குப் படிப்பு ஏறாது" என்று மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கப் போகிற தாய்மார் உண்டு. சொல்லித் தரும் விதத்தை மாற்றினால் பல பிள்ளைகள் படிச்சிடுவாங்க.

டீச்சரிடம் கேட்க வேண்டியவை:

• காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு முன்வரிசையில் இடம். கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசாமல், முகம் தெரியப் பேசணும்.

• பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிய எழுத்து. போர்டில் எழுதுவதை வாய்விட்டும் படிக்கணும்.

• மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை. கணக்குக்குப் புளியங்கொட்டை போதும்.

• எழுத வராத பிள்ளை விடையை வாயால் சொல்லலாம்.

இவை கேட்டு வாங்க வேண்டிய உரிமை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை கல்வி இலவசம். பொதுத்தேர்வில், சொல்லச் சொல்ல எழுதித் தருபவரும் கூடுதல் நேரமும் கேட்கலாம். சிறப்பாசிரியர் உதவிக்கு வட்டார வள மையத்தை அணுகுங்கள்.

குழுவில் பேசுவோம்:

நம்ம ஊரில் பள்ளிக்குப் போகாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை உண்டா? பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்ம உறுப்பினர் யார்? அந்தத் தாயோடு அவர் எந்த நாளில் பள்ளிக்குப் போவார்? நாளைக் குறித்து, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.