ஜீயபுரத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ

மகள் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறியதிலிருந்து ஊரில் எல்லோரும் கேட்பது, "எவ்ளோ தூரம் இருக்கும்ங்க?" திருச்சி விமான நிலையத்திலிருந்து கணக்கிட்டால், மிகக் குறுகிய வான்வழி சுமார் 14,200 கிலோமீட்டர். ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு டிக்கெட் எடுக்கக் கூடாது என்பதே என் அனுபவம்.

சுவரில் மாட்டும் வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, பேரப்பிள்ளைகளின் உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் சீனா, கிழக்கு சைபீரியா, அலாஸ்கா வழியாக ஓடும். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் வடதுருவத்தை ஒட்டிப் பறந்துதான் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூரு வந்தது. அதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

திருச்சியிலிருந்து அப்படி நேராகப் போக விமானம் இல்லை. சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் 2,980, பிறகு 13,600 கிலோமீட்டர். சுமார் 2,400 கிலோமீட்டர் கூடுதல்தான். ஆனாலும் எங்கள் வயதுக்காரர்களுக்கு நான் இதையே சொல்வேன். பெங்களூரு விமான நிலையத்துக்குக் காரில் 350 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கிப் போய், அதன் பிறகு விமானத்தில் உட்காருவது முழங்காலுக்கு ஆகாது. வீட்டு வாசலிலிருந்து மகள் வீட்டு வாசல்வரை எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள்.

இரண்டு விமானங்களுக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது டிக்கெட்டின் பணம் போய்விடலாம். பெட்டியை வாங்கி மறுபடி போடவேண்டி வரும், விசா கேள்வியும் எழும். போகும்போது பசிபிக் மேலே காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது அதே காற்று எதிர்க்கும், ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகும். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள்.

மாத்திரை விஷயம் முக்கியம். குளிர்காலத்தில் அங்கே நம்மைவிட பதின்மூன்றரை மணி நேரம் பின்னால், கோடையில் பன்னிரண்டரை. சிங்கப்பூரில் காலையில் ஏறினால் அதே தேதியின் காலையில் இறங்குவீர்கள். அதனால் தேதி பார்த்து மாத்திரை போடாமல், கடைசியாகப் போட்டு எத்தனை மணி நேரமாயிற்று என்று எண்ணுங்கள். இன்சுலின் போடுபவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் நேர அட்டவணை எழுதி வாங்குவது அவசியம். மருந்தெல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

நம் ஊரிலிருந்து கரூர் சாலையில் வந்து, நகரைக் கடந்து, புதுக்கோட்டை சாலையில் உள்ள விமான நிலையத்துக்குப் போக இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆடிப்பெருக்கு, வைகுண்ட ஏகாதசி சமயமென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். திரும்பி வரும்போது ஒரு தேதி காணாமல் போகும்: அங்கே வெள்ளி இரவு ஏறினால் திருச்சியில் ஞாயிறு. அழைக்க வரும் கார்க்காரரிடம் திருச்சியில் இறங்கும் தேதியை மட்டும் சொல்லுங்கள்.